43 குதிரை போதும்

ஹாஸ்டல்ல கார் பற்றிப் பேச்சு ஆரம்பிச்சா அது எப்பவும் நம்பர்லதான் போய் நிக்கும். எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை செகண்ட், டாப் ஸ்பீடு எவ்வளவு. பெரிய நம்பர் சொன்னவங்க ஜெயிச்சாங்க, மத்தவங்க மெஸ்ஸுக்குக் கிளம்பலாம். இந்தக் கட்டுரையில நான் ஒரு சின்ன நம்பரை வெச்சு வாதாடப் போறேன். அந்த நம்பர் 43.

1958-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் என்ற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரோட மொத்தக் குதிரைத்திறனே அவ்வளவுதான். இன்ஜின் 948 சிசி. நம்ம அப்பாக்கள் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போற சாதாரண கார்லயே இதைவிட அதிகம் இருக்கு. இதுல கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்கணும். டிக்கிக்கு மூடி கிடையாது, சீட்டை மடிச்சு பின்னாடி குனிஞ்சுதான் பையை எடுக்கணும். ஹீட்டர் வேணும்னா தனிக் காசு, அதுவும் இங்கிலாந்து குளிர்ல! பானெட் மேல ரெண்டு ஹெட்லைட்டும் முழிச்சுக்கிட்டு நிக்கும். உள்ளே மடங்கி மறையுற மாதிரி லைட் வைக்கத்தான் முதல்ல திட்டம், செலவு கூடும்னு விட்டுட்டாங்க. அதனால அந்தக் காருக்குச் செல்லப் பேரே 'ஃப்ராக்ஐ', அதாவது தவளைக்கண்.

இவ்வளவு குறை இருக்கிற ஒரு காரை, அறுபது வருஷம் தாண்டியும் ஆட்கள் துரு சுரண்டி, வெல்டு வெச்சு, பெயிண்ட் அடிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துட்டுக் கிளம்புறாங்க. ஏன்? 'பழசு மேல பாசம்' என்பது எல்லாரும் சொல்ற பதில். அது பாதி பதில்தான்னு நான் நினைக்கிறேன். ஒரு மெஷின் தன்னை முழுசா நம்ம கண்ணுக்கும் கைக்கும் காட்டும்போது வர்ற சந்தோஷம் தனி. இந்தச் சின்ன பிரிட்டிஷ் கார்கள் அதைத் தாராளமா தருது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அதை வெறும் ஹாபின்னு ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் என் கருத்து.

வீட்டுக் காரிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார்

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ பிரிட்டனுக்கு ஏற்றுமதி வருமானம் ரொம்பத் தேவைப்பட்டது. எம்ஜி கம்பெனி 1945-லிருந்து 1949 வரை டிசி என்ற மாடலைச் சுமார் பத்தாயிரம் எண்ணிக்கையில் தயாரிச்சது. அமெரிக்கக்காரங்களுக்கு இந்த மாதிரிக் குட்டிக் கார் மேல ஆசை வந்தது அந்தக் காலத்தில்தான். அதுக்கப்புறம் முப்பது வருஷம், இந்த வகைக் கார்களுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இந்தக் கார்களை உருவாக்கின முறை. ஸ்ப்ரைட்டுக்குன்னு புது இன்ஜின் யாரும் டிசைன் பண்ணல. ஆஸ்டின் ஏ35 என்ற குடும்பக் காரோட இன்ஜினை எடுத்தாங்க. ஸ்டீயரிங்கை மோரிஸ் மைனரிலிருந்து எடுத்தாங்க. அந்த ஏ-சீரிஸ் இன்ஜின் 1951-ல் ஆரம்பிச்சு மினி கார் வழியா 2000 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது. 1961-ல் ஸ்ப்ரைட்டுக்கு எம்ஜி மிட்ஜெட் என்ற இரட்டைப் பிறவி வந்தது. அடுத்த வருஷம், அதாவது 1962, இந்த வகைக்கே பொன்னான வருஷம்: எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் மூணும் அதே வருஷம் அறிமுகம். எம்ஜிபி மட்டும் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது.

ஸ்பிட்ஃபயர் கதையில நமக்கு ஒரு பங்கு இருக்கு. அதோட அடித்தளம் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் காரோட சேஸிஸ். அதைக் குட்டையாக்கி, மேலே மிக்கெலோட்டி என்ற இத்தாலிய டிசைனர் வரைஞ்ச உடலை மாட்டினாங்க. அதே ஹெரால்டுதான் 1961-லிருந்து நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பேக்டரியில 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பேர்ல தயாரானது. நாலு கதவு வெச்ச ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது, இங்கிலாந்துலகூட அது கிடையாது. உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் அதுல போயிருப்பாங்க. ஸ்பிட்ஃபயரோட ஒன்றுவிட்ட அண்ணன் ஜிஎஸ்டி ரோட்ல ஓடிக்கிட்டு இருந்திருக்கார்!

சாதாரணப் பாகங்கள்ல செஞ்சதால ரெண்டு நன்மை. ஒண்ணு, விலை குறைவு. கிளார்க் வேலை பார்க்கிற இளைஞர்கூட ஆசைப்படலாம். ரெண்டு, ரிப்பேர் சுலபம். குடும்பக் காரைப் பார்க்கத் தெரிஞ்ச எந்த மெக்கானிக்குக்கும் இதுவும் தெரியும். ரெண்டாவது நன்மைதான் இந்தக் கார்களை இன்னிக்கு வரைக்கும் உயிரோட வெச்சிருக்கு.

மூணு வாரம், ஒரு கராஜ்

போன வருஷம் லீவுக்கு கோவென்ட்ரியில இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குப் பகல்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங், சாயந்திரம் ஆனா கராஜ். அங்கே ஒரு 1971 எம்ஜி மிட்ஜெட் நாலு ஸ்டாண்டு மேல நின்னுக்கிட்டு இருந்தது. 1275 சிசி, 65 குதிரைத்திறன், எடை சுமார் 700 கிலோ. "மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு வந்துட்டா, இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்ல"ன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு மாமா கையுறையைத் தூக்கிப் போட்டார்.

முதல் நாள் முதல் பாடம்: ஸ்பேனர். நம்ம லேப்ல இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் அந்தக் காருக்குச் சரியா பொருந்தாது. எல்லாம் அங்குல அளவு. அரை அங்குல நட்டு என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 நம்பர் ஸ்பேனர் உள்ளே போகும், ஆனா இழுத்தா நட்டோட மூலை வழிஞ்சு உருண்டையாயிடும். டாலரன்ஸ், ஃபிட் பற்றி செமஸ்டர் முழுக்கப் படிச்சதை அந்த 0.3 மில்லிமீட்டர் ஒரே நிமிஷத்துல புரிய வெச்சுடும்.

ரெண்டாவது பாடம்: துரு. இந்தக் கார்களுக்குக் கூரை கிடையாது. சாதாரணக் கார்ல கூரையும் சேர்ந்துதான் உடம்பை வளையாம பிடிச்சிருக்கு. இங்கே அந்த வேலையைக் கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டி மாதிரியான தகடுகளும், நடுவுல கியர்பாக்ஸ் மேல போற மேடும்தான் செய்யணும். கீழே இருக்கிற அந்தத் தகட்டுக்கு 'சில்' என்று பேர். மழைத் தண்ணியும், குளிர்காலத்துல ரோட்ல போடுற உப்பும் சேர்ந்து முதல்ல தின்னுறது இதைத்தான். அதை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெல்டு வைக்கணும். ஆனா சும்மா வெட்டினா, கார் நடுவுல தொய்ஞ்சு கதவு மூட முடியாமப் போயிடும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடி கதவு திறப்புக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெச்சுத் தற்காலிகமா பத்த வெச்சுக்கணும். ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம். ஒவ்வொரு கட்டத்துலயும் கதவை மூடிப் பார்த்து இடைவெளியை அளக்கணும். எஸ்ஓஎம் பேப்பர்ல பெண்டிங் மொமென்ட் டயக்ராம் நான் நூறு தடவை வரைஞ்சிருக்கேன். அந்தக் கதவு இடைவெளியில அது ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசமா எட்டிப் பார்த்தப்போதான் அந்தக் கோடு எதைச் சொல்லுதுன்னு புரிஞ்சது. வெல்டிங் மாமாதான் பண்ணார். அதுக்காகவே சாயந்திர வகுப்புல சேர்ந்து கத்துக்கிட்டாராம், நாற்பத்தாறு வயசுல!

மூணாவது பாடம் கார்புரேட்டர். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தாத்தா. சின்ன வயசுல கேன்லி என்ற இடத்துல, ட்ரையம்ஃப் பேக்டரியில வேலை பார்த்தவர். மிட்ஜெட்ல ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர். அதோட வேலை கேட்க ரொம்ப எளிமை. ஆக்சிலரேட்டரை மிதிச்சா காத்து அதிகமா உள்ளே போகும். அப்போ மேலே இருக்கிற ஒரு பிஸ்டன் தானா உயரும். அதுல தொங்குற கூம்பான ஊசியும் சேர்ந்து மேலே வரும், பெட்ரோல் வர்ற துளையில வழி பெரிசாகும். காத்துக்கு ஏத்த பெட்ரோல், எந்த சென்சாரும் இல்லாம. பிஸ்டன் சடார்னு எகிறாம இருக்க மேலே ஒரு சின்னக் குழல்ல கொஞ்சம் ஆயில். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல நாம 'ஃபீட்பேக்', 'டேம்பிங்' என்று கட்டம் போட்டு அம்புக்குறி வரையறோமே, அது ரெண்டும் இங்கே கையால தொடக்கூடிய பொருளா இருக்கு.

ரெண்டு கார்புரேட்டரும் சமமா காத்து இழுக்கணும். அதுக்குத் தாத்தா பயன்படுத்தின கருவி ஒரு துண்டு ரப்பர் டியூப். ஒரு முனையைக் காதுல வெச்சுக்கிட்டு, மறு முனையை முதல்ல ஒரு கார்புரேட்டர் வாயில, அப்புறம் இன்னொண்ணு வாயில காட்டுவார். 'ஸ்ஸ்' சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருப்புவார். கடைசியா டியூபை என் காதுல வெச்சுட்டு அவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். ரெண்டு சத்தமும் ஒண்ணா சேர்ந்த அந்த நொடியில இன்ஜினோட நடுக்கம் அடங்குச்சு. வைவாவுல ஃபுல் மார்க் வாங்கினப்போகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

எலக்ட்ரிகல் வேலையும் அதே மாதிரிதான். பழைய பிரிட்டிஷ் கார்கள்ல மின்சாமான் பெரும்பாலும் லூகாஸ். சென்னைக்காரங்களுக்கு இந்தப் பேர் பாடி பஸ் ஸ்டாப்பா தெரியும்; 1961-ல் அங்கே லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் பண்ணுவாங்க, லைட் அடிக்கடி அணையுமாம். ஆனா ஐம்பது வருஷம் ஆன கார்ல லைட் எரியலன்னா, பெரும்பாலும் எர்த் ஒயர் உடம்போட சேர்ற இடத்துல துரு பிடிச்சிருக்கும். உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, நட்டை இறுக்கினா லைட் வந்துடும். முழு ஒயரிங் படமும் ஒரே பக்கத்துல அடங்கும். அதைப் பார்த்து விரலால தொட்டுக்கிட்டே போனா எங்கே கரன்ட் நின்னிருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்.

இந்த இடத்துல ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லணும். பிரிட்டன்ல கார் வெச்சிருக்கிற வீடுகள்ல ஹேன்ஸ் மேனுவல் ரொம்பப் பிரபலம். ஒரு காரை முழுசா கழட்டி, கட்டம் கட்டமா போட்டோ எடுத்து, எப்படிப் பிரிக்கணும் எப்படி மாட்டணும்னு சாதாரண ஆளுக்குப் புரியுற மாதிரி விளக்குற புத்தக வரிசை. ஜான் ஹேன்ஸ் என்பவர் விமானப்படையில வேலை பார்த்தப்போ நண்பர் ஒருத்தரோட ஸ்ப்ரைட்டைச் சரிபண்ண உதவினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1966-ல் வந்த முதல் மேனுவல். அதாவது, வீட்டுலயே கார் ரிப்பேர் பண்ற ஒரு பெரிய பழக்கத்துக்கு வழிகாட்டின புத்தக வரிசை ஆரம்பிச்சதே இந்தத் தவளைக்கண் கார்லதான். திறந்து பார்க்கக்கூடிய ஒரு மெஷின் எத்தனை பேருக்குக் கத்துக் கொடுக்கும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அறுபதுல போனா நூறு மாதிரி

இப்போ ஓட்டுற சந்தோஷத்துக்கு வரேன். இருபத்தொரு வயசுப் பொண்ணு பேரை இன்சூரன்ஸ்ல சேர்க்க அவங்க கேட்ட தொகையைப் பார்த்து மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரி, ஒரு நாள் வாழ்ந்து பார்ப்போம்"ன்னு கட்டினார்.

சீட்ல உட்கார்ந்தா முதல்ல தெரியுறது உயரம். கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டா ரோடு எட்டிடுமோன்னு தோணும். பக்கத்துல ஒரு லாரி வந்தா அதோட சக்கரத்து நட்டு நம்ம கண்ணுக்கு நேரா சுத்தும். முதல் கியர்ல சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசா நின்னப்புறம்தான் போடணும், இல்லன்னா இன்ஜின் வேகத்தைச் சரியா கூட்டிப் போடக் கத்துக்கணும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆனா 700 கிலோவுக்கு அது தேவையே இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ரெண்டரை சுத்துக்கும் குறைவு. மணிக்கட்டை லேசா அசைச்சா மூக்கு திரும்பிடும்.

கெனில்வொர்த் தாண்டி வார்விக்‌ஷயர் கிராமச் சாலைகள் ஆரம்பிக்கும். ரெண்டு பக்கமும் செடி வேலி, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற ஒடுங்கின ரோடு. மணிக்கு நாற்பது மைல், நம்ம கணக்குல 64 கிலோமீட்டர்தான் போனேன். ஆனா நூறுல போற மாதிரி இருந்தது. காத்து முகத்துல அடிக்குது, எக்ஸாஸ்ட் சத்தம் வேலியில மோதித் திரும்பி வருது, வெட்டின புல் வாசனையும் சூடான ஆயில் வாசனையும் மாறி மாறி வருது. வளைவுல திரும்பும்போது ஸ்டீயரிங் கைக்குள்ள கனக்குது, பிடிப்பு குறையப் போகுதுன்னா அந்தக் கனம் லேசாகுது. வெஹிக்கிள் டைனமிக்ஸ்ல 'செல்ஃப் அலைனிங் டார்க்' என்று ஒரு கிராஃப் வருமே, முதல்ல ஏறி அப்புறம் இறங்குற கோடு. அந்தக் கோட்டை நான் உள்ளங்கையில உணர்ந்தேன்.

இந்தக் கார்களோட ரகசியம் இதுதான்னு நினைக்கிறேன். டயர் ஒல்லி, பிடிப்பு குறைவு, சக்தி குறைவு. அதனால காரோட முழுத் திறமையையும் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்துலயே அனுபவிக்க முடியும். 500 குதிரைத்திறன் கார் வெச்சிருக்கிறவர் அதோட கால்வாசியைக்கூட ரோட்ல பயன்படுத்த முடியாது. மிட்ஜெட் ஓட்டுறவர் ஒவ்வொரு கியரையும் முழுசா இழுக்கலாம், ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் யோசிக்கணும், ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னாடியே திட்டம் போடணும். கார் நமக்கு வேலை கொடுக்குது. அந்த வேலைதான் சந்தோஷம். 1989-ல் மஸ்டா கம்பெனி எம்எக்ஸ்-5 காரைக் கொண்டு வந்தப்போ, பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள்ல இருந்த அந்த லேசான உணர்வைத்தான் நவீன நம்பகத்தன்மையோட சேர்த்துத் தந்தாங்க. அது பத்து லட்சத்துக்கும் மேல வித்தது. ஆக, இந்த ருசி கிழவர்களுக்கு மட்டும் உரியதுன்னு சொல்ல முடியாது.

கயிறு கட்டின கார்கள்

ஒரு விஷயத்துல எனக்குக் கோபம் உண்டு. ரெஸ்டோர் பண்ணின சில கார்கள் ரோட்டுக்கே வராது. மூடின டிரெய்லர்ல ஷோவுக்குப் போகும், சுத்தி கயிறு கட்டி நிக்கும், போல்ட் தலையில இருக்கிற முத்திரை வரைக்கும் ஒரிஜினலா என்று நடுவர்கள் குனிஞ்சு பார்ப்பாங்க, பரிசு வாங்கிட்டு மறுபடியும் போர்வைக்குள்ள தூங்கும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா ஓடாத ஸ்போர்ட்ஸ் கார் என்பது பாடாத வீணை.

இன்னொரு பக்கம், கழட்டி மாத்துறவங்க. பழைய பாயின்ட்ஸுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன், நாலு கியருக்குப் பதிலா அஞ்சு கியர் பாக்ஸ். சிலர் இன்ஜினையே எடுத்துட்டு பேட்டரியும் மோட்டாரும் வைக்கிறாங்க. 'இது பாவம்'னு சொல்றவங்க உண்டு. என் அளவுகோல் ஒண்ணுதான்: அந்த மாற்றத்தால கார் அதிகமா ஓடுதா? திரும்பப் பழையபடி மாத்த முடியுமா? ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா அது நல்ல மாற்றம். பழைய கார்ல கூடுதலா பெல்ட் வைக்கிறதும், நல்ல பிரேக் போடுறதும் எந்த விதத்துலயும் துரோகம் ஆகாது.

'ஆனா...' என்பவர்களுக்கு

இதைப் படிக்கிற பலருக்கு மூணு கேள்வி வரும்.

ஒண்ணு, பாதுகாப்பு. நியாயமான கேள்வி. இதுல ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, இடிபட்டா நசுங்கி நம்மைக் காப்பாத்துற முன்பகுதி இல்லை. தினமும் ஓட்டுற காரா இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்ல பின்பக்க ஸ்விங் ஆக்சில், வளைவுல திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா சக்கரம் உள்பக்கம் மடங்கி வால் சறுக்கும். அதை 1970-ல் வந்த மாடல்லதான் ஸ்ப்ரிங்கை மாத்திச் சரிபண்ணினாங்க. நவீனக் கார்கள் உயிர்களைக் காப்பாத்துது, அதுல எனக்கு மறுப்பே இல்லை.

ரெண்டு, புகை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத இன்ஜின் சுத்தமா இருக்காது. ஆனா இந்தக் கார்கள் பெரும்பாலும் வெயில் அடிக்கிற ஞாயித்துக்கிழமைகள்லதான் வெளியே வரும். பிரிட்டன்ல நாற்பது வருஷம் தாண்டின கார்களுக்குச் சாலை வரியும் கிடையாது, பெரிய மாற்றம் செய்யாத கார்னா வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயம் கிடையாது. இந்தியாவுலயும் 2021-ல் ஐம்பது வருஷம் தாண்டின வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை வந்தது, நம்பர் பிளேட்ல 'விஏ' எழுத்தோட. தினசரிப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை, ஆனா பாரம்பரியமா பாதுகாக்கலாம். இது சரியான சமரசம்னு நினைக்கிறேன்.

மூணு, 'வெள்ளைக்காரன் பழங்கதை நமக்கு எதுக்கு?' இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும்.

ஆபிங்டன்ல இருந்த எம்ஜி பேக்டரி 1980-ல் மூடப்பட்டது. கம்பெனி போச்சு, வேலை போச்சு. ஆனா கார் போகல. 1930-லயே தொடங்கின எம்ஜி கார் கிளப் இன்னும் இருக்கு. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்ஜிபிக்கு முழு உடலையே புதுசா அடிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சது. இன்னிக்கு மிட்ஜெட்டுக்கு ஒரு சின்ன ரப்பர் வாஷர் வேணும்னாக்கூட ஆர்டர் பண்ணினா வீட்டுக்கு வந்துடுது. இப்போ நம்ம பக்கம் வாங்க. ஸ்டாண்டர்டு மோட்டார் பேக்டரி 1988-ல் நின்னுச்சு. ஹெரால்டுக்கு ஒரு பாகம் வேணும்னா புதுப்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கணும், அதிர்ஷ்டமும் வேணும். அதைச் செஞ்ச கைகள் நம்ம ஊர்க் கைகள். அந்த வேலையோட நினைவு எங்கே? அதைத் துடைச்சு எடுத்து ஓட வைக்கணும்னு நமக்குத் தோணலையே என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

நமக்கு எதுக்கு?

நம்ம பேட்ச்ல மெக்கானிக்கல் முடிக்கிற பாதிப் பேர் சாஃப்ட்வேர் வேலைக்குப் போறோம். அதுல தப்பு இல்லை, நானும் ஆஃபர் லெட்டரோடதான் இதை எழுதுறேன். ஆனா நாலு வருஷத்துல ஓடுற இன்ஜின் ஒண்ணை முழுசாப் பிரிச்சு, மறுபடியும் மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவங்க எத்தனை பேர்? லேப்ல இருக்கிறது பாதியா வெட்டி சிவப்பும் நீலமும் பெயிண்ட் அடிச்ச மாடல். அதைப் பார்க்கலாம், தொடலாம், ரெக்கார்டுல வரையலாம். அதுக்கு மூச்சு கிடையாது.

நாளைக்கு நாம டிசைன் பண்ணப் போற பொருள்களைப் பற்றியும் இது ஒரு கேள்வி கேட்குது. இப்போ வர்ற பல பொருள்கள் திறக்கக் கூடாதுன்னே செய்யப்படுது. ஒட்டி மூடின போன், பாஸ்வேர்டு கேட்கிற ஈசியூ. 2022-ல் நம்ம மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை'க்குன்னு ஒரு போர்ட்டல் தொடங்கினது, அதுல வாகனத் துறையும் சேர்த்தி. சட்டம் ஒரு பக்கம் வரட்டும். டிசைன் பண்றவருக்கு, தான் செஞ்சதை இன்னொருத்தர் ஐம்பது வருஷம் கழிச்சுத் திறந்து பார்ப்பார் என்ற நினைப்பு இருக்கணும். ஏர்பேக்கும் வேணும், ஸ்க்ரூவும் வேணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி கிடையாது.

ஜூனியர்களுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு யோசனை. மிட்ஜெட் வாங்கச் சொல்லல, அது நடக்காது. ஆனா பழைய பெட்ரோல் அம்பாசிடர் இன்ஜின் ஒண்ணு வாங்கலாம். அம்பாசிடர்ல பல வருஷம் ஓடின 1489 சிசி இன்ஜின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபியோட 1798 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான். அதாவது, அந்த ஸ்போர்ட்ஸ் காரோட இதயத்துக்குச் சொந்தம் நம்ம ஊர் ஷெட்டுகள்ல தூசி படிஞ்சு கிடக்குது. வொர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி காலியா இருக்கிற ஷெட்ல அதை ஒரு ஸ்டாண்டுல ஏத்துங்க. செகண்ட் இயர் பிரிக்கட்டும், தேர்டு இயர் அளக்கட்டும், ஃபைனல் இயர் மாட்டி ஓட வைக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடியும் பிரிங்க. கேர்ள்ஸையும் கூப்பிடுங்க, ரெக்கார்டு எழுத மட்டும் கூப்பிடாதீங்க.

ஆரம்பிக்கப் பெரிய செலவு இல்லை. அங்குல ஸ்பேனர் செட் ஒண்ணு, ஒரு ஃபீலர் கேஜ், ஒரு முழம் ரப்பர் டியூப். மத்ததை இன்ஜினே சொல்லிக் கொடுக்கும்.